மக்காவ் தெருவில் எழுபது வருஷமாக ஓடும் கார் பந்தயம்

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மக்காவ் என்ற சின்ன ஊரில் ஊர்த் தெருவையே மூடிவிட்டு வருஷா வருஷம் கார் பந்தயம் நடத்துகிறார்களாமே, அது எப்படி ஆரம்பித்தது? இத்தனை வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தது? 2024இல் சென்னையில் நடந்த மாதிரி நம்ம வேலூரிலும் ஒருநாள் நடக்குமா? எனக்கும் ஓட்ட ஆசை. எங்கே தொடங்குவது?"

நான்கு கேள்விகள், நான்குமே நல்ல கேள்விகள். சாத்துவாச்சாரியில் வண்டி வேலை பார்ப்பவன் நான். பந்தயம் நடக்கும் வார இறுதிகளில் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் மார்ஷலாக, அதாவது ஓட்டுகிறவர்களுக்கு எச்சரிக்கை காட்டும் ஆளாக, கொடி பிடித்திருக்கிறேன். ஓட்டுகிறவர்களை விட, ஓடும் பாதையையும் அதை நடத்துகிறவர்களையும்தான் நான் அதிகம் கவனித்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

சீனாவின் தென்கரையில் இருக்கும் மக்காவ் 1954இல் போர்ச்சுகல் ஆட்சியில் இருந்தது. கார் வைத்திருந்தவர்களே குறைவு. பெர்னாண்டோ மசேடோ பின்டோ, கார்லோஸ் சில்வா, பவுலோ அன்டாஸ் என்று மூன்று உள்ளூர் ஆர்வலர்கள், கார்களில் ஊரைச் சுற்றிப் புதையல் வேட்டை மாதிரி ஒரு விளையாட்டு நடத்தலாம் என்று யோசித்தார்கள். கார் போட்டி நடத்திப் பழக்கம் உள்ளவர்கள் பக்கத்து ஹாங்காங்கில் இருந்தார்கள். அங்கே மோட்டார் விளையாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த பால் டுடாய் என்பவரிடம் ஆலோசனை கேட்டார்கள். அவர் தெருக்களைப் பார்த்துவிட்டு, இது கிராண்ட் பிரி என்னும் பெரிய கார் பந்தயம் நடத்தவே தகுந்த பாதை என்று சொல்லிவிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 30, 31 தேதிகளில் முதல் மக்காவ் கிராண்ட் பிரி நடந்தது. நான்கு மணி நேரப் பந்தயம். எடுவார்டோ டி கார்வல்யோ ட்ரையம்ஃப் டிஆர்2 காரில் வென்றார். ஓடியவை எல்லாம் அன்றாடம் தெருவில் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார்கள்தான். பாதையின் சில பகுதிகளில் அப்போது ஒழுங்கான தார்கூட கிடையாது.

தெருப் பந்தயம் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது மொனாக்கோ. அது ஆரம்பித்த கதை வேறு விதம். மொனாக்கோ ஆட்டோமொபைல் கிளப் 1911இலிருந்தே மான்டி கார்லோ ராலி என்ற நீண்ட தூரச் சாலைப் போட்டியை நடத்திவந்தது. ஆனால் அந்த ராலியின் பெரும்பகுதி அடுத்த நாடுகளின் சாலைகளில்தான் ஓடியது. உங்கள் எல்லைக்குள்ளேயே ஒரு பந்தயம் நடத்திக் காட்டினால்தான் தேசிய கிளப்பாக ஏற்போம் என்று சர்வதேச அமைப்பு சொல்லிவிட்டது. நாடே ஒரு ஊர் அளவுதான், தனி ட்ராக் கட்ட எங்கே இடம்? அந்தோணி நோகஸ் என்பவர் தெருக்களையே ட்ராக்காக வரைந்தார். 1929 ஏப்ரல் 14 அன்று முதல் பந்தயம். புகாட்டி ஓட்டிய வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ் ஜெயித்தார். மொனாக்கோவில் இடமில்லை, ஹாங்காங்கில் ட்ராக் இல்லை. தெருப் பந்தயங்கள் பெரும்பாலும் இப்படி ஒரு இல்லாமையில்தான் பிறந்திருக்கின்றன.

ஹாங்காங்கில் நிரந்தரப் பந்தய ட்ராக் கிடையாது என்பது மக்காவுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். ஹாங்காங் ஆட்கள் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு மக்காவுக்கு வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்தும் மணிலாவிலிருந்தும் வந்தார்கள். 1958இல் சிங்கப்பூர்க்காரர் சான் லை சூன் ஆஸ்டன் மார்ட்டினில் வென்றார். 1964இல் ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன் லோட்டஸ் காரில் வென்றார். அன்றைக்கு ஜொகூர், சிங்கப்பூர், மக்காவ் என்று தென்கிழக்கு ஆசியா முழுக்க ஒரு பந்தயச் சுற்று இருந்தது. சிங்கப்பூரில் தாம்சன் ரோட்டில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி நடந்தது. ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு 2008இல் மரீனா பே தெருக்களில் ஃபார்முலா 1 (ஒற்றை இருக்கை ரேஸ் கார்களின் உச்சப் போட்டி) இரவுப் பந்தயமாகத்தான் அது திரும்பி வந்தது. நடுவில் 35 ஆண்டு இடைவெளி. மக்காவ் மட்டும் அப்படி நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்று புரிய அந்தப் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கியா சர்க்யூட் என்று பெயர். ஊர் நடுவே இருக்கும் கியா குன்றைச் சுற்றி ஓடுவதால் அந்தப் பெயர். ஒரு சுற்று 6.1 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இதைப் பாதை என்று சொல்வதை விட, இரண்டு பாதைகளை ஒட்டவைத்தது என்று சொல்லலாம். நீர்த்தேக்கத்தை ஒட்டிய கீழ்ப்பகுதி நீளமாக, அகலமாக இருக்கும். அங்கே ஆக்சிலரேட்டரை அமுக்கினால் எடுக்கவே வேண்டாம். மாண்டரின் என்ற வலது வளைவைக்கூடத் தைரியசாலிகள் கால் எடுக்காமலே கடப்பார்கள். ஃபார்முலா 3 கார் (ஃபார்முலா 1க்குக் கீழே, இளைஞர்கள் ஓட்டும் சிறிய ரேஸ் கார்) அங்கே மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல் போகும். அந்த வேகத்தில் வந்து, செங்குத்தாக வலது பக்கம் திரும்பும் லிஸ்போவா வளைவில் பிரேக் போட வேண்டும். பக்கத்தில் இருக்கும் லிஸ்போவா ஹோட்டல்தான் அந்தப் பெயருக்குக் காரணம். அதற்கப்புறம் குன்று ஏறத் தொடங்கும். ஆஸ்பத்திரி வளைவு, பிரசவ ஆஸ்பத்திரி வளைவு என்றெல்லாம் பெயர்கள். இருபுறமும் வீட்டுச் சுவரும் இரும்புத் தடுப்பும் மட்டும்தான். தப்பினால் ஒதுங்க ஒரு அடி மண்கூட இல்லை. சில இடங்களில் சாலை அகலமே 7 மீட்டர்தான்.

பிறகு இறங்கும்போது மெல்கோ ஹேர்பின் வருகிறது. ஏலகிரி மலைக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை எடுத்து, இருபுறமும் தடுப்பு வைத்து, பின்னால் இருபது பந்தய கார்களை வரிசையாக அனுப்பினால் என்ன ஆகுமோ அதுதான் மெல்கோ. அங்கே முந்துவதற்கே தடை. முதல் சுற்றில் ஒரு கார் குறுக்கே நின்றுவிட்டால் பின்னால் வருகிற அத்தனை கார்களும் அடைத்துக்கொண்டு நிற்கும். பல தடவை அப்படி நடந்திருக்கிறது.

இதில் இன்ஜினியர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. கீழே நீள்சாலையில் வேகம் வேண்டும் என்றால் காரின் இறக்கையை, அதாவது காற்றை வைத்துக் காரைத் தரையோடு அழுத்தும் பலகையை, தட்டையாக வைக்க வேண்டும். காற்று தடுக்காது. மேலே குன்றில் வளைவுகளில் கார் தரையைப் பிடித்து நிற்க வேண்டும் என்றால் இறக்கையை நிமிர்த்த வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. தட்டையாக வைத்தவன் குன்றில் சுவரைத் தொடுவான். நிமிர்த்தியவனை நீள்சாலையில் பின்னால் வருகிறவன் காற்று நிழலில் ஒட்டிவந்து லிஸ்போவாவுக்குள் முந்திவிடுவான். அதனால் மக்காவில் முதலில் போவது பல சமயம் சாதகமே இல்லை. விபத்து நேர்ந்தால் எல்லோரையும் மெதுவாகத் தன் பின்னால் வரவைக்கும் சேஃப்டி கார் ஒதுங்கி மறுபடி பந்தயம் தொடங்கும் தருணத்தில் முன்னால் இருப்பவரின் கண்ணெல்லாம் கண்ணாடியில்தான் இருக்கும்.

தெரு என்பதால் வேறு சங்கடங்களும் உண்டு. சாதாரண நாளில் பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலை. வெள்ளிக்கிழமை காலை புழுதியும் எண்ணெயுமாக வழுக்கும், ஞாயிறு மதியத்துக்குள் டயர் ரப்பர் படிந்து பிடிப்பு ஏறிவிடும். வெள்ளைக் கோடுகள் மழையில் சோப்பு மாதிரி. பாதாளச் சாக்கடை மூடிகளை வெல்டிங் செய்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் காருக்கு அடியில் உருவாகும் உறிஞ்சு விசை மூடியைத் தூக்கிவிடும். 2023இல் லாஸ் வேகாஸில் முதல் பயிற்சி தொடங்கிய சில நிமிஷத்திலேயே அப்படி ஒரு தண்ணீர் வால்வு மூடி எழும்பி, கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி காரின் அடிப்பாகத்தையே கிழித்துவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்து நடத்திய பந்தயத்திலேயே அப்படி.

இவ்வளவு ஆபத்தான பாதை உயிர்களையும் வாங்கியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு வரலாறு சொல்வது சரியில்லை. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த டோஜி லாரெல் 1962, 1963 இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து வென்றவர், அந்த ஊர் மக்களுக்குப் பிடித்தமானவர். 1967 பந்தயத்தில் அவர் கார் சுவரில் மோதித் தீப்பிடித்தது. அவர் பிழைக்கவில்லை. மக்காவின் முதல் மரணம் அது. அதே 1967இல்தான் மோட்டார் சைக்கிள் பந்தயமும் அங்கே தொடங்கியது. கார்க்காரர்களுக்காவது சுற்றிலும் இரும்புக் கூடு இருக்கிறது, பைக்கில் போகிறவர்களுக்கும் சுவருக்கும் நடுவே தோல் உடுப்பு மட்டும்தான். 2012இல் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு பேர் இறந்தார்கள்: தகுதிச் சுற்றில் போர்ச்சுகீசிய பைக் வீரர் லூயிஸ் கரேரா, மறுநாள் கார் பிரிவில் ஹாங்காங்கின் பிலிப் யாவ். 2017இல் பிரிட்டனைச் சேர்ந்த டேனியல் ஹெகார்டி. பைக் பந்தயத்தை அங்கே தொடர வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் விவாதம் எழும். என் கருத்தைக் கேட்டால், ஒதுங்க இடமே இல்லாத பாதையில் பைக் ஓட வேண்டாம் என்பதுதான். அந்த வீரர்களின் துணிச்சல் மேல் எனக்குக் குறைவான மதிப்பு இல்லை. ஜான் மெக்டொனால்டு என்ற ஹாங்காங்வாசி கிராண்ட் பிரியை நான்கு முறை, பைக் பந்தயத்தையும் டூரிங் கார்களுக்கான (ரேஸுக்கு மாற்றிய சாதாரணக் கார்கள்) கியா ரேஸையும் ஒவ்வொரு முறை வென்றிருக்கிறார். மூன்றையும் வென்றவர் அவர் ஒருவர்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மக்காவ் தாக்குப்பிடித்ததன் ரகசியம் என்று நான் நினைப்பது இதுதான்: அவர்கள் பாதையை மாற்றவே இல்லை, அதில் ஓடும் காரை மட்டும் காலத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே வந்தார்கள். ஐம்பதுகளில் ஸ்போர்ட்ஸ் கார். அறுபதுகளில் ரேஸுக்கென்றே செய்த லோட்டஸ் போன்ற வண்டிகள். எழுபதுகளில் ஃபார்முலா பசிபிக் என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார். ரிக்கார்டோ பட்ரேசே 1977, 1978 இரண்டு ஆண்டும் வந்து ஜெயித்துப் போனார். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வகை கார்களுக்கு மவுசு குறைந்தது. அடுத்து ஃபார்முலா 2 கொண்டுவரலாமா என்று பேச்சு வந்தது. ஆனால் அதற்குப் பாதையில் பெரிய மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டு, 1983இல் ஃபார்முலா 3க்கு மாறினார்கள். சிறிய கார், குறைந்த குதிரைத்திறன், ஓட்டுகிறவர்கள் இருபது வயதுப் பையன்கள். பெரிய பெயரைக் கூப்பிடாமல் சின்னப் பையன்களைக் கூப்பிட்ட அந்த ஒரு முடிவுதான் மக்காவை உலகப் பெயராக்கியது.

ஏனென்றால் அந்த முதல் ஆண்டே வந்த பையன் அயர்டன் சென்னா. பிரேசிலிலிருந்து வந்து அந்த ஆண்டு பிரிட்டிஷ் ஃபார்முலா 3 பட்டத்தை வென்றிருந்தார். மக்காவில் தொடக்க வரிசையில் முதல் இடம், இரண்டு பகுதிகளாக நடந்த பந்தயத்தில் இரண்டிலும் வெற்றி. அவரை அங்கே கொண்டுவந்தது தியடோர் ரேசிங். அதன் முதலாளி டெடி யிப், ஸ்டான்லி ஹோவோடு சேர்ந்து மக்காவின் சூதாட்ட உரிமத்தை வாங்கி நடத்தியவர்களில் ஒருவர், தானே கார் ஓட்டிய ஆள். காசினோ பணம் பந்தயத்தை எப்படித் தாங்கிப் பிடித்தது என்பதற்கு அவர் ஒருவரே போதும். அந்தப் பணம் இல்லாமல் மக்காவ் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். பணம் மட்டுமே போதும் என்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிறகு 1990. மோட்டார் பந்தயம் பார்க்கிற யாரிடமும் மக்காவ் என்றால் இந்த ஒரு பந்தயத்தைத்தான் சொல்வார்கள். ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கர், பின்லாந்தின் மிகா ஹக்கினன். இருவரும் அப்போது ஃபார்முலா 1இல் நுழையாத பையன்கள். முதல் பகுதியை ஹக்கினன் சில விநாடிகள் முன்னிலையில் வென்றார். இரண்டு பகுதிகளின் நேரத்தையும் கூட்டித்தான் வெற்றி. ஆகவே இரண்டாம் பகுதியில் அவர் ஷூமாக்கருக்குப் பின்னாலேயே ஒட்டி வந்து இரண்டாவதாக முடித்தால் போதும், கோப்பை அவருக்குத்தான். கடைசிச் சுற்று வரை அப்படித்தான் வந்தார். கடைசிச் சுற்றில் நீள்சாலையில் ஷூமாக்கர் கொஞ்சம் தளர்ந்தது போலத் தெரிந்ததும் முந்தப் பார்த்தார். ஷூமாக்கர் குறுக்கே நகர, ஹக்கினன் அவர் பின்புறத்தில் இடித்துத் தடுப்பில் மோதி நின்றார். ஷூமாக்கர் பின் இறக்கை உடைந்த காரோடு போய் எல்லைக்கோட்டைக் கடந்தார். ஹக்கினன் சாலையோரத்தில் கையுறையைக் கழற்றி வீசியெறிந்த காட்சி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் மேல் தப்பு என்று இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், ஷூமாக்கர் செய்தது கடுமையானது, ஆனால் ஹக்கினனுக்கு அந்த இடத்தில் முந்த வேண்டிய அவசியமே இல்லை. அதே இருவர்தான் எட்டு, பத்து ஆண்டுகள் கழித்து ஃபார்முலா 1 உலகப் பட்டத்துக்கு மோதினார்கள்.

1999 டிசம்பர் 20 அன்று மக்காவ் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பந்தயம் தொடருமா என்று பலருக்குப் பயம். 2000 நவம்பரில் வழக்கம் போல நடந்தது. மக்காவிலேயே வளர்ந்த ஆண்ட்ரே குட்டோ வென்றார். ஆட்சி மாறிய முதல் பந்தயத்தில் ஊர்ப் பையன் ஜெயித்தது அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

நமக்கும் அந்தப் பந்தயத்தில் ஒரு பங்கு உண்டு. அந்த 2000ஆம் ஆண்டு தொடக்க வரிசையில் முதல் இடம் பிடித்தது கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன். வெற்றி கைக்கு வரவில்லை. ஆனால் அந்தத் தெருவில் ஒரே ஒரு சுற்றில் எல்லோரையும் விட வேகமாக ஓட்டியவர் ஒரு தமிழர் என்பது சின்னச் செய்தி இல்லை. சுவருக்கும் டயருக்கும் நடுவே சில அங்குலம் மட்டும் விட்டு ஆறு கிலோமீட்டர் ஓட்டினால்தான் அந்த நேரம் வரும். ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1இல் நுழைந்தார். நுழைந்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், இந்த மக்காவ் சுற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

அதற்கப்புறம் நடந்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். 2016இல் ஜிடி கார்களின் (ரேஸுக்கு மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார்கள்) உலகக் கோப்பையில் லாரன்ஸ் வான்தூர் மாண்டரின் வளைவில் தடுப்பில் மோதிக் கார் தலைகீழாகப் புரண்டது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு முந்தைய நிலவரப்படி முடிவு எடுப்பது விதி என்பதால், கவிழ்ந்து கிடந்த காரின் ஓட்டுநரே வெற்றியாளர் ஆனார். 2017இல் ஃபார்முலா 3 பந்தயத்தின் கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், முதலிடத்துக்கு மோதிய செர்ஜியோ செட்டே கமாரா, பெர்டினாண்ட் ஹாப்ஸ்பர்க் இருவருமே தடுப்பில் அடித்தார்கள். மூன்றாவதாக வந்துகொண்டிருந்த டான் டிக்டம் நடுவே புகுந்து வென்றுவிட்டார். 2018இல் சோஃபியா ஃப்ளோர்ஷ் என்ற 17 வயதுப் பெண்ணின் கார் லிஸ்போவாவில் மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல் வந்து, இன்னொரு காரின் மேல் ஏறி, தடுப்பைத் தாண்டிப் பறந்து, புகைப்படக்காரர்கள் நின்ற மேடையில் மோதியது. முதுகெலும்பு முறிவு. மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை. ஒரு மார்ஷலுக்கும் புகைப்படக்காரர்களுக்கும்கூடக் காயம். மறு ஆண்டே அந்தப் பெண் அதே மக்காவுக்குத் திரும்பி வந்து ஓட்டினார். மார்ஷலாக நின்றவன் என்பதால் அந்த வீடியோவில் நான் முதலில் தேடியது தடுப்புக்குப் பின்னால் நின்ற ஆட்களைத்தான்.

கொரோனா காலத்தில் வெளிநாட்டவர் வர முடியவில்லை. நிறுத்திவிடலாம் என்று யாரும் சொல்லியிருந்தால் குறை சொல்ல முடியாது. அவர்கள் 2020 முதல் மூன்று ஆண்டுகள் ஃபார்முலா 4 காரை வைத்து, வரக்கூடிய ஆட்களை மட்டும் வைத்து நடத்தினார்கள். மக்காவின் சார்ல்ஸ் லியோங், ஆண்டி சாங் போன்ற உள்ளூர் ஓட்டுநர்கள் அந்த ஆண்டுகளில் வென்றார்கள். 2023இல் எழுபதாவது பந்தயத்துக்கு ஃபார்முலா 3 திரும்பியது. 2024இல் மறுபடி கார் வகையை மாற்றி, ஃபார்முலா ரீஜனல் உலகக் கோப்பை என்று ஆக்கினார்கள். பாருங்கள், மறுபடியும் கார்தான் மாறியது. லிஸ்போவாவும் மெல்கோவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதனால்தான் இன்று ஓட்டும் பையனை 1983இன் சென்னாவோடு அதே வளைவில் வைத்துப் பேச முடிகிறது.

ஊர் மக்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பீர்கள். மொத்த மக்காவே முப்பத்து சொச்சம் சதுர கிலோமீட்டர்தான், மக்கள் தொகை ஆறரை லட்சத்துக்கு மேல். போக்குவரத்து நெரிசல் கடுமையாகத்தான் இருக்கும், முணுமுணுப்பும் உண்டு. ஆனால் பந்தய நாட்களில் காலையில் மூடும் சாலையை அன்றைய ஓட்டம் முடிந்ததும் மாலையில் திறந்துவிடுகிறார்கள். நவம்பர் நடுவில் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கேற்ப வேலைகளைத் தள்ளிவைக்கிறார்கள். நம்ம குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று எந்தத் தெருவில் வண்டி போகாது என்று யாரும் நோட்டீஸ் ஒட்டிச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா, அந்த மாதிரி. அப்புறம், பெரிய பந்தயத்துக்கு முன்னால் உள்ளூர்க்காரர்களும் ஹாங்காங்காரர்களும் ஓட்டுகிற சின்னப் பந்தயங்கள் உண்டு. பக்கத்துத் தெரு மெக்கானிக் ஓட்டுகிறார் என்றால் சாலை மூடியதற்கு யார் கோபப்படப் போகிறார்கள்?

இதை மனதில் வைத்து நம்ம பக்கம் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிது இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது, மக்காவ் பந்தயத்தை விட ஒரு வயது மூத்தது. உலகப் போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கூட்டம் கூட்டமாகப் பந்தயம் பார்த்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் ரயில் ஏறிப் போனவர்கள் உண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ட்ராக் வந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். கிளப் உறுப்பினர்கள் முயன்று கட்டியது.

தெருப் பந்தயம் என்று பார்த்தால், ஹைதராபாத்தில் 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் மின்சார கார்களின் ஃபார்முலா ஈ நடந்தது. ழான்-எரிக் வெர்ன் ஜெயித்தார். மறு ஆண்டே ரத்து. சென்னையில் 2023 டிசம்பரில் நடக்க இருந்தது மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரவுகளில் தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாக 3.5 கிலோமீட்டர், 19 வளைவுகள். முதல் நாள் சர்வதேச அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் வரத் தாமதமாகி, ஓட்டம் தொடங்க இரவாகிவிட்டது. அதை வைத்துப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது நல்ல அறிகுறியாகத்தான் பட்டது. சான்றிதழ் இல்லாமல் ஒரு காரையும் விடவில்லை என்றால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். நேப்பியர் பாலத்தில் விளக்கொளியில் கார்கள் போனதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் ஒரு முறை நடப்பது நிகழ்ச்சி. அதே வாரத்தில், அதே தெருவில், வருஷா வருஷம் நடந்தால்தான் அது மக்காவ் ஆகும்.

வேலூரில் நடக்குமா? கோட்டை அகழியைச் சுற்றி ஓட்டினால் எப்படி இருக்கும் என்று பேசாத வண்டிப் பையன் இந்த ஊரில் இல்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மக்காவ் பாதையும் ஆஸ்பத்திரியை ஒட்டித்தான் போகிறது என்று நீங்கள் சொல்லலாம். அங்கே மாற்றுச் சாலைகள் திட்டமிட்டு இருக்கின்றன. இங்கே கோட்டைக்கும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடும் அண்ணா சாலை ஆம்புலன்ஸ்களின் உயிர்நாடி. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியோடு வந்து இறங்குகிறவர்களிடம் இன்று ரோடு மூடியிருக்கிறது என்று சொல்ல எனக்கு மனசு வராது. கோட்டையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. தடுப்பு நட ஒரு குழி தோண்டவே அனுமதி வேண்டும்.

அதற்குப் பதில் நடக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆட்டோகிராஸ். பெரிய மைதானத்தில் கூம்புகள் வைத்துப் பாதை அமைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார், கடிகாரத்தோடு போட்டி. மோத எதிர்க் கார் கிடையாது, வேகமும் கட்டுக்குள் இருக்கும். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் அனுமதியோடு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை நடத்தினால், பெங்களூரு ஹைவேயில் ராத்திரி பைக்கை முறுக்கிக்கொண்டு போகிற பையன்களில் பாதிப் பேரையாவது அங்கே இழுக்கலாம். அந்த ஹைவேயில் அடிபட்டு வந்த வண்டிகளை என் பட்டறையில் பார்க்கிறேன். ஓட்டியவன் என்ன ஆனான் என்று கேட்கவே தயக்கமாக இருக்கும்.

கடைசிக் கேள்வி, உங்கள் ஆசை. தம்பி, தெருவில் பழகாதீர்கள். முதலில் கோ-கார்ட். சென்னை, பெங்களூரு இரண்டிலும் வாடகைக்கு ஓட்டும் கார்ட் ட்ராக்குகள் இருக்கின்றன. பிரேக் எங்கே போடுவது, வளைவுக்குள் எங்கே நுழைவது என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம். பைக்தான் ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் பயிற்சிப் பள்ளிகளில் சேருங்கள். பயிற்சிச் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் இருந்தால் கூட்டமைப்பின் போட்டி உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வேயிலும் தேசியப் பந்தயங்கள் நடக்கும். எண்பதுகளின் கடைசியில் மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை உள்நாட்டிலேயே கட்டிய கரிவரதனின் பெயர் அது. செலவு அதிகம்தான், மறைக்க மாட்டேன். கையில் பணம் இல்லையென்றால் மார்ஷலாக வாருங்கள். அதற்குக் காசு வேண்டாம், பயிற்சி கொடுப்பார்கள், ட்ராக்குக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு யாரையும் நிற்க விடமாட்டார்கள். எந்த ஓட்டுநர் எந்த இடத்தில் பிரேக் அழுத்துகிறார் என்பதை ஒரு வளைவில் நாள் முழுக்க நின்று பார்த்தால் நிறையக் கற்கலாம்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை. கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எல்லாப் பஸ்ஸும் அங்கே நிற்காது. பந்தயத் தேதிகளை கிளப் முன்னதாகவே அறிவித்துவிடும். வெயில் அங்கேயும் நம்ம ஊர் வெயில்தான். தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், காதுக்குப் பஞ்சு, மூடிய ஷூ எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். முதல் வளைவுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.